வயிற்றை எக்கிய கிணறு

இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் வந்து உட்காருங்கள், என் செல்லங்களே. காலை மடக்க முடியாதவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள், கதைக்கு அதனால் கோபம் வராது. காற்று எல்லோருக்கும் எட்டுகிறதா? சரி. இன்றைக்கு உங்களுக்கு ஒரு கிணற்றின் கதை வைத்திருக்கிறேன். பேயும் இல்லை, புதையலும் இல்லை. ஆளைப் பார்த்ததும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு மிடுக்காக நின்ற ஒரு கிணறு, அவ்வளவுதான். கிணற்றுக்கு ஏது வயிறு என்று கேட்காதீர்கள். கடைசியில் நீங்களே சொல்வீர்கள்.

ஒரு ஊரில் ஒரு தையல்காரர் இருந்தார். அவர் மனைவிக்கு நீர் அலுவலகத்தில் வேலை. வட்டாரத்தில் பதினெட்டுக் கிணறுகள் அவள் பொறுப்பு. மாதம் ஒரு முறை ஒவ்வொரு கிணற்றுக்கும் போய், கைப்பிடிச் சுவரிலிருந்து தண்ணீர் எத்தனை மீட்டர் கீழே கிடக்கிறது என்று அளந்து, நோட்டில் எழுதி, அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். இரும்பு டேப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் வருவாள் என்பதால் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவள் டேப்பக்காதான். அவள் அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

ஆக அந்த வீட்டில் இரண்டு டேப். அவருடையது துணி டேப், கழுத்தில் மாலையாகத் தொங்கும். அவளுடையது முப்பது மீட்டர் இரும்பு டேப். சண்டை வந்தால் அவர் சொல்வார்: "என்னோடது ஒன்றரை மீட்டர், உன்னோடது முப்பது. யாருக்கு வாய் நீளம்னு இதுலயே தெரியலையா?" அவள் விடுவாளா? "என்னோடது பூமியோட வயித்துக்குள்ள போயிட்டு வருது. உங்களோடது உங்க தொப்பையைச் சுத்தி வரவே மூச்சு வாங்குது" என்பாள். அத்தோடு சண்டை முடிந்துவிடும். அவருக்குத் தொப்பை இருந்தது உண்மை.

எப்படி அளப்பாள் என்று சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். டேப்பின் கீழ்நுனியில் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சாக்பீஸைத் தேய்ப்பாள். முழு மீட்டர் கணக்கில் டேப்பை இறக்குவாள். மேலே இழுத்துப் பார்த்தால், தண்ணீர் பட்ட இடம்வரை சாக்பீஸ் கறுத்திருக்கும். விட்ட நீளத்திலிருந்து நனைந்த நீளத்தைக் கழித்தால், தண்ணீர் கிடக்கிற ஆழம். இவ்வளவுதான் வித்தை. ஆனால் இந்த வித்தையை இருபத்தொரு வருடமாக ஒரே ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் செய்திருந்தாள். வருடத்துக்கு ஒரு நோட்டாக இருபத்தொரு நோட்டு அலமாரியில் இருந்தன. எதிலும் ஒரு எண்ணின் மேல் இன்னொரு எண் ஏறியது கிடையாது. வீட்டுக்கு யாராவது வந்தால் நகையைக் காட்டுகிற மாதிரி அதைத்தான் எடுத்துக் காட்டுவாள்.

பதினெட்டுக் கிணறுகளில் பதினேழு ஒரு பக்கம், கடைமடைக் கிணறு ஒரு பக்கம். வாய்க்கால் முடிகிற இடத்தில், நாலைந்து வீடுகளுக்கு நடுவே, ஒரு எலுமிச்சைத் தோட்டத்தின் மூலையில் அந்தக் கிணறு இருந்தது. தோட்டக்காரி முப்பத்தைந்து வயதுப் பெண். கணவன் லாரியில் போய்விடுவதால் முந்நூறு மரமும் அவள் கையில். கூடமாட உதவிக்குக் கணவனின் தம்பி. அவன் பேசுவதைவிட விசில் அடிப்பது அதிகம் என்பதால் அவன் பெயரே விசில் என்று ஆகிவிட்டது. நாய் வந்தால் ஒரு விசில், மழை வந்தால் ஒரு விசில், அண்ணி கூப்பிட்டால் காது கேட்கவில்லை என்பதற்கு ஒரு விசில்.

டேப்பக்கா அங்கே ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய்க்கிழமை போவாள். கிணற்றடியைப் பெருக்கி வைத்திருப்பார்கள். அவளுக்கென்று ஒரு நாற்காலி, அதன் மேல் துவைத்த துண்டு. போனதும் எலுமிச்சைச் சாறு. மற்ற இடங்களில் "வந்துட்டாங்கய்யா" என்று முனகுவார்கள், இங்கே மாப்பிள்ளை வீட்டாருக்குக் கிடைக்கிற மாதிரி வரவேற்பு. யாருக்குத்தான் பிடிக்காது?

அந்த வருடம் ஒரு விஷயம் நடக்க இருந்தது. அணையில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது. அந்தக் கிளை வாய்க்காலில் நாலு குளம். நாலுக்கும் விடுகிற அளவுக்கு இல்லை. ஏதாவது ஒரு குளத்துக்குப் பத்து நாள் விடலாம். எந்தக் குளம் என்பதை அந்த மாத அளவு முடிந்த அடுத்த வாரம் சனிக்கிழமை கூட்டத்தில் முடிவு செய்வார்கள். கடைமடைக் குளம் எலுமிச்சைத் தோட்டத்துக்கு நேர் மேலே இருந்தது. அது நிறைந்தால் மண்ணுக்குள் இறங்கி இறங்கிக் கிணற்றுக்கு வரும். அது காய்ந்து கிடந்ததால்தான் தோட்டக்காரி தினமும் வானத்தையும் வாய்க்காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழை பெய்யவில்லையா என்று கேட்பீர்கள். பெய்தது. மழைமானிக் கணக்கில் நல்ல வருடம்தான். ஆனால் முழு மழையும் நாலே நாளில் கொட்டியது. அவசரமாக வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், வாசலில் நின்றபடியே இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஓடுகிற விருந்தாளி உண்டல்லவா, அந்த மாதிரி மழை. தரைக்குள் வந்து உட்கார அதற்கு நேரமில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை டேப்பக்கா வழக்கம் போலப் போனாள். நாற்காலி, துண்டு, சாறு. ஏழு மீட்டர் விட்டாள், எண்பது சென்டிமீட்டர் நனைந்து வந்தது. ஆறு மீட்டர் இருபது.

"எப்படிக்கா, நல்லா இருக்கா?" தோட்டக்காரி பரீட்சை முடிவு கேட்கிற குரலில் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. போன மாசமும் ஆறு இருபது. அதுக்கு முந்தின மாசம் ஆறு பதினெட்டு. உங்க கெணறு ஒண்ணுதான் சொன்ன பேச்சு கேக்குது."

தோட்டக்காரிக்கு முகம் மலர்ந்தது. ஆனால் டேப்பக்காவின் கண் அவள் தோளைத் தாண்டிப் போனது. கிணற்றை ஒட்டிய மரத்தின் இலைகள் சுருண்டிருந்தன, வெற்றிலை மடித்த மாதிரி. அதற்கு அடுத்த மரமும் அப்படியே.

"ஏம்மா, இலை ஏன் இப்படி சுருண்டு கெடக்கு?"

"வெயிலுக்கா."

"வெயிலு எல்லாத் தோட்டத்துக்கும்தானே அடிக்குது?"

"எங்க வெயிலு கொஞ்சம் ஜாஸ்தி" என்றான் விசில். அண்ணி அவனை முறைத்தாள். அவன் ஒரு சின்ன விசிலோடு நகர்ந்துவிட்டான்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கணவர் தையல் மெஷினில் ஒரு அரைக்கைச் சட்டையை முடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன, முகம் பட்டன் அறுந்த சட்டை மாதிரி இருக்கு?"

"அந்தக் கெணத்துல தண்ணி கைக்கெட்டுற மாதிரி நிக்குது. மரம் தண்ணி இல்லாத மரம் மாதிரி நிக்குது. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது. டேப்பு பொய் சொல்லாது. மரமும் சொல்லாது."

"அப்போ கெணறுதான்."

"கெணறு எப்படிங்க பொய் சொல்லும்?"

அவர் மெஷினை நிறுத்தினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "முப்பது வருஷமா அளவெடுக்கிறேன். ஆளு கடைக்குள்ள வரும்போது தொப்பை முன்னாடி வரும், ஆளு பின்னாடி வருவாரு. நான் டேப்பை எடுத்த உடனே பாரு, தொப்பை காணாமப் போயிடும். மூச்சை இழுத்துப் பிடிச்சு, வயித்த எக்கிக்கிட்டு, சிலை மாதிரி நிப்பாரு. அந்த அளவுக்குத் தச்சா என்ன ஆகும்? சட்டையைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்தா பட்டன் பறந்து எதிராளி கண்ணுல படும்."

"அதுக்கு என்ன பண்ணுவீங்க?"

"பேச்சு கொடுப்பேன். பொண்ணுக்கு வரன் பாத்தாச்சா, உங்க மச்சான் அந்த வழக்கை வாபஸ் வாங்கிட்டானாம்ல, இப்படி. மச்சான்னதும் ஆளு மூச்சு விட்டுடுவாரு. அந்த நேரத்துல சட்டுனு சுத்தி அளந்துடுவேன். அளவெடுக்கப் போறோம்னு தெரியாதப்போ எடுக்கிற அளவுதான் அளவு."

அவள் தட்டை இழுத்து வைத்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் கடைமடைக்குப் புறப்பட்டாள். வாய்க்கால் ஓரமாகவே சாலை. போன வருடம்தான் அந்த வாய்க்காலுக்கு, கடைசியில் ஒரு துண்டு தவிர, அடியும் பக்கமும் சிமெண்ட் பூசினார்கள். மண் வாய்க்காலாக இருந்தபோது வழியெல்லாம் ஒழுகும். பாதித் தண்ணீர் மண்ணுக்குள்ளேயே போய்விடுகிறது, கடைமடைக்கு வந்து சேரவே நாளாகிறது என்று எல்லோரும் திட்டித் தீர்த்தார்கள். இப்போது தண்ணீர் வேகமாகத்தான் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டினாள். மனத்தில் ஏதோ ஒன்று உரசிக்கொண்டே வந்தது, என்னவென்று பிடிபடவில்லை.

தோட்டத்து முனை திரும்பும்போதே மோட்டார்ச் சத்தம். ஒன்று, இரண்டு, நாலு மோட்டார் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. ஒரு வருடமாக அவள் இந்த இடத்தில் மோட்டார் ஓடிக் கேட்டதே இல்லை.

தோட்டக்காரி பாத்தியில் குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள். கையிலிருந்த மண்வெட்டி கீழே விழுந்தது.

"அக்கா! இன்னிக்கு செவ்வாக்கிழமை இல்லையே!"

"வியாழக்கிழமை வந்தா உள்ள விட மாட்டியா?"

"ஐயோ, அப்படியில்லக்கா. வாங்க, வாங்க. உக்காருங்க. நாற்காலி... துண்டு துவைக்கலை... சாறு குடிக்கிறீங்களா? டீயா? ரெண்டுமா? சாப்பிட்டுட்டே போயிடுங்களேன். ஒரு மணி நேரத்துல சமைச்சுடுவேன். ரெண்டு மணி நேரம்கூட ஆகட்டும்!" சொல்லிக்கொண்டே முதுகுக்குப் பின்னால் கையை ஆட்டினாள்.

வீட்டுப் பின்புறத்திலிருந்து ஒரு விசில் கிளம்பியது. நீளமாக, ஒரு மூச்சு முழுவதும். ஒரு மோட்டார் நின்றது. இன்னொரு விசில், பக்கத்துத் தோட்டத்தில் ஒன்று நின்றது. இன்னொன்று. அதற்கும் அப்பால் ஒன்று. சந்தைக்கடையில் வாத்தியார் நுழைந்த மாதிரி அந்த வட்டாரமே அடங்கிப்போனது. அந்த அமைதியில் டேப்பக்காவுக்கு எல்லாம் கேட்டுவிட்டது. சாற்று டம்ளரைக் கீழே வைத்தாள். சாக்பீஸை எடுத்தாள்.

ஏழு மீட்டர் விட்டாள். சாக்பீஸ் காய்ந்தபடியே வந்தது. எட்டு விட்டாள், காய்ந்தே வந்தது. ஒன்பது. பத்து. தோட்டக்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். பதினொன்று, அதுவும் காய்ந்து வந்தது. பன்னிரண்டு விட்டாள். அறுபது சென்டிமீட்டர் நனைந்திருந்தது.

"பதினொண்ணு நாப்பது" என்றாள் டேப்பக்கா.

கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை விட்டாள். பதினொன்று முப்பது. மோட்டார் நின்றதால் தண்ணீர் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. ஏறினாலும் எவ்வளவு ஏறும்? பதினைந்து மீட்டர்க் கிணறு அது. கீழே மூன்றரை மீட்டர் தண்ணீர்தான் மிச்சம்.

"என்னடி பண்ணீங்க?" அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் இப்போது டி போட்டுவிட்டாள்.

தோட்டக்காரி அழவில்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது. "என்ன பண்ணோம்? மரியாதைதானே பண்ணோம்! நீங்கதானே ஒரு தடவை சொன்னீங்க, மோட்டார் ஓடும்போது அளந்தா சரியா வராது, கொஞ்ச நேரம் நிறுத்தி வைங்கன்னு?"

"ஒரு ரெண்டு மணி நேரம் நிறுத்தச் சொன்னேன்."

"நாங்க ரெண்டு நாளு நிறுத்தினோம். நாலு வீட்டுக்காரங்களும் சேர்ந்து. கொஞ்சம் தாராளமாத்தான் இருக்கட்டுமேன்னு."

"ரெண்டு நாளு நிறுத்தினாலும் ஆறு இருபதுக்கு வராதே?"

தோட்டக்காரி விசிலைப் பார்த்தாள். விசில் கிணற்றுத் தவளையைப் பார்த்தான். கடைசியில் அவன்தான் வாயைத் திறந்தான். "வாய்க்கால்ல எங்க முறைத் தண்ணி திங்கக்கிழமைக்கா. நீங்க வர்ற வாரம் மட்டும் அதைப் பாத்திக்கு விட மாட்டோம். ராத்திரிக்குள்ள மொத்தத்தையும் கெணத்துல விட்டுடுவோம்."

"கெணத்துலயா!"

"விருந்தாளி வர்றாங்கன்னா வீட்டைப் பெருக்கி, வாசல்ல தண்ணி தெளிச்சு வைக்க மாட்டோமா?" என்றாள் தோட்டக்காரி. "அது மாதிரிதான். கெணத்துக்கு முகம் கழுவி, தலை சீவி, பொட்டு வச்சு நிறுத்தினோம். மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவை நீங்க ஒன்பது மீட்டர்னு சொல்லிட்டு உச்சு கொட்டினீங்க. அந்த உச்சு என் காதுலயே நின்னுடுச்சு. இனிமே நம்ம கெணத்தைப் பாத்து அக்கா உச்சு கொட்டக் கூடாதுன்னு நெனச்சேன். அதோட குளத்துக்குத் தண்ணி விடப் போறாங்கன்னு பேச்சு வந்ததா, சரி, நம்ம கெணறுதான் முதல் மார்க்கு வாங்கணும்னு முடிவு பண்ணிட்டோம். பதினோரு மாசமா வாங்கிட்டும் இருக்கோம்ல? இந்தத் தடவை குளம் நமக்குத்தானேக்கா?"

டேப்பக்கா கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அடி பைத்தியமே. எந்தக் குளத்தோட கெணறு ரொம்பக் கீழ போயிருக்கோ அந்தக் குளத்துக்குத்தான் தண்ணி. முதல் மார்க்கு வாங்கினவனுக்கு இல்ல. ஃபெயில் ஆனவனுக்கு."

தோட்டக்காரி மனத்துக்குள் ஒவ்வொரு மாதமாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது முகத்தில் தெரிந்தது.

"ஆனா போன வருஷம் வாய்க்காலைச் சுத்தமா வச்சிருந்த ஊருக்குத்தானே முதல் தண்ணி விட்டாங்க?"

"அது வாய்க்கால். இது கெணறு."

"அப்போ நாம பதினோரு மாசமா," என்றான் விசில், மெதுவாக, "பாத்திக்கு விடவேண்டிய தண்ணியைக் கெணத்துல ஊத்தி, நம்ம பேரை நாமளே பட்டியல்லேருந்து அடிச்சுக்கிட்டு இருந்தோமா அண்ணி?"

"நீ விசிலே அடி. பேசாத" என்றாள் அவள். அப்புறம் நாற்காலியிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அக்கா, இந்த மரமெல்லாம் எங்க மாமியார் வச்சது இல்ல, யாரும் தானமாக் கொடுத்ததும் இல்ல. ஒவ்வொரு கன்னுக்கும் நான் குடத்துல ஊத்தி வளத்தது. குளம் வேற ஊருக்குப் போயிட்டா இந்த வெயிலைத் தாண்டாது. முந்நூறும் போயிடும்."

"கூட்டம் நாளன்னிக்கு" என்றாள் டேப்பக்கா. டேப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

வழி நெடுக நோட்டுதான் நினைவில் வந்தது. பதினோரு வரி. அத்தனையும் அவள் கையெழுத்து. அதை அடித்தால் இருபத்தொரு வருடப் பெருமை போச்சு. கிணற்றில் தண்ணீரை ஊற்றியதுகூடத் தெரியாமல் அளந்தவள் என்று அலுவலகத்தில் சிரிப்பார்கள். அடிக்காவிட்டால்? யாருக்கும் தெரியாது. மரங்களுக்கு மட்டும் தெரியும்.

வீட்டுக்கு வந்து நோட்டை மேசையில் பிரித்து வைத்து, பேனாவைத் திறந்து, மூடி, திறந்து, மூடினாள். கணவர் இரண்டு முறை அந்தப் பக்கம் வந்து போனார். மூன்றாவது முறை ஒரு பேன்ட்டைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். இடுப்புத் தையல் முழுவதும் பிரிக்கப்பட்டிருந்தது.

"நேத்து தச்சது. இன்னிக்குப் பிரிச்சுட்டேன்."

"ஏன்?"

"தப்பா வெட்டிட்டேன். தப்புன்னு தெரிஞ்சும் இஸ்திரி போட்டு மடிச்சுக் கொடுத்தா அழகாத்தான் இருக்கும். மடிப்புல இருக்கிற வரைக்கும்."

அவள் ஸ்கேலை எடுத்தாள். பதினோரு வரிகளையும் நேர்கோடாக அடித்தாள். எண்களுக்குப் பக்கத்தில் குறிப்பு என்று ஒரு பத்தி உண்டு. இருபத்தொரு வருடமாகக் காலியாகவே கிடந்த பத்தி. அதில் என்ன எழுதுவதென்று வெகு நேரம் யோசித்தாள். கடைசியில், 'அளவெடுத்த நாள்களில் கிணறு அலங்கரிக்கப்பட்டிருந்தது' என்று எழுதினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அலுவலகம். பொறியாளர் நல்ல மனிதர், ஆனால் வரைபடப் பித்து. அவர் அறைச் சுவர் முழுக்கக் கிணறுகளின் கோடுகள். பதினேழு கோடுகள் படிக்கட்டில் உருண்ட மாதிரி கீழே இறங்க, ஒரு கோடு மட்டும் மேசை விளிம்பு போல நேராகப் போனது. அதற்குத் தனியாகச் சட்டம் போட்டு, 'மாதிரிக் கிணறு' என்று எழுதி, அவர் நாற்காலிக்கு நேர் மேலே மாட்டியிருந்தார்.

"வாங்கக்கா! உங்க கடைமடைக் கெணத்தைத்தான் நேத்து வந்தவங்களுக்குக் காட்டிட்டு இருந்தேன். சிமெண்ட் வாய்க்காலோட பலன்னு அறிக்கையே எழுதிட்டேன்" என்றார்.

அவள் நோட்டை அவர் முன்னால் பிரித்து வைத்தாள். அவர் கோடுகளைப் பார்த்தார். குறிப்பைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். "அலங்கரிக்கப்பட்டிருந்ததா?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள், உச்சு கொட்டியதிலிருந்து விசில்வரை. சொல்லி முடித்ததும் அவர் எழுந்து, சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றி, மேசையில் குப்புற வைத்தார். திட்டப் போகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் தலையைப் பிடித்துக்கொண்டு, "அப்போ சிமெண்ட் வாய்க்காலோட பலன்?" என்று கேட்டார்.

அப்போதுதான், வழியெல்லாம் அவள் மனத்தில் உரசிக்கொண்டிருந்தது வாய்க்கு வந்தது. "சார், அந்த வாய்க்கா ஒழுகுது ஒழுகுதுன்னு திட்டினோம்ல? ஒழுகினது எங்க போச்சு? பக்கத்துல இருக்கிற கெணத்துக்குத்தானே போச்சு. வாய்க்காலை அடைச்சோம், கெணத்தோட வாயையும் சேர்த்து அடைச்சுட்டோம். மழையும் நாலு நாள்ல வந்து நிக்காமப் போயிடுச்சு. கெணத்துல குறைஞ்சது, மோட்டாரை அதிக நேரம் ஓட்டுறாங்க. ஓட்ட ஓட்ட இன்னும் குறையுது. ஏறுறதுக்கு வழி ஒண்ணுகூட இல்ல. எறங்குறதுக்கு நாலு மோட்டாரு."

பொறியாளர் குப்புறக் கிடந்த சட்டத்தை மேசையோரம் தள்ளிவைத்தார். "நான் நம்புறேன். ஆனா நாளைக்குக் கூட்டத்துல ஒரு நாள் அளவை வச்சு நம்ப மாட்டாங்க. நானும் பாத்தேன்னு சொல்லணும். எப்போ போலாம்?"

"இப்பவே சார். சொல்லிட்டுப் போனா பொட்டு வச்சுடுவாங்க."

ஜீப் எங்கோ போயிருந்தது. ஆகவே வட்டாரமே வேடிக்கை பார்க்க, டேப்பக்கா ஸ்கூட்டர் ஓட்ட, பொறியாளர் பின்னால் டேப்பை மடியில் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு போனார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் "அக்கா, மெதுவா" என்றார். நாலு மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தன. விசில் அவர்களைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் இரண்டு விரலை வாய்க்குக் கொண்டுபோனான். தோட்டக்காரி ஓடிவந்து அவன் கையைத் தட்டிவிட்டாள். "மூச்சு விட்டே, கொன்னுடுவேன்! கெணறு எப்படி இருக்கோ அப்படியே பாக்கட்டும்."

டேப்பக்கா மோட்டார்களை இரண்டு மணி நேரம் நிறுத்தச் சொன்னாள். சரியாக இரண்டு மணி நேரம், ஒரு நிமிடம்கூட அதிகம் இல்லை. பொறியாளர் எலுமிச்சைச் சாறு குடித்தார், துண்டு போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார், சுருண்ட இலை ஒன்றைப் பறித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு தன் கையாலேயே டேப்பை இறக்கினார். பத்து மீட்டர் தொண்ணூறு.

மறுநாள் மத்தியானம் டேப்பக்காவுக்குப் போன் வந்தது. பொறியாளர் பேசினார். கூட்டத்தில் அடித்த நோட்டை அப்படியே காட்டினாராம். குறிப்பைப் படித்ததும் மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்களாம், பிறகு அந்த இலையை மேசையில் வைத்ததும் சிரிப்பு நின்றதாம். பத்து நாள் தண்ணீர் கடைமடைக் குளத்துக்கு. வாய்க்காலின் கடைசித் துண்டுக்கு இன்னும் சிமெண்ட் பூசவில்லை. அங்கே பக்கச்சுவருக்கு மட்டும் பூசி, அடியை மண்ணாகவே விட்டுவிடுவது என்றும் முடிவானது. போனை வைத்துவிட்டு அவள் கணவரின் கழுத்திலிருந்த டேப்பை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அவர் அன்று முழுவதும் குத்துமதிப்பாகத்தான் துணி வெட்டினார்.

குளத்தில் தண்ணீர் வந்த அன்று தோட்டக்காரி கரையிலேயே உட்கார்ந்திருந்தாள். ஆனால் கேளுங்கள், பூமிக்கு அவசரம் கிடையாது. குளம் நிறைந்து இருபது நாள் கழித்து டேப்பக்கா ஒரு புதன்கிழமை சொல்லாமல் போய் அளந்தபோது பத்து மீட்டர் எண்பது. பத்தே சென்டிமீட்டர் ஏற்றம்.

"இவ்ளோதானாக்கா?" தோட்டக்காரி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். "ஊத்துனா ஒரே நாள்ல அஞ்சு மீட்டர் ஏறுமே!"

"அது ஊத்துனது. ஊத்துனது ஊத்துன வேகத்துலயே போயிடும். இது ஊறுறது. பொறுமையா இரு."

பொறுமைக்கு உதவியாக நாலு வீட்டாரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். நாலு மோட்டாரும் ஒன்றாக ஓடக் கூடாது, நாளுக்கு இரண்டு, அதுவும் காலையில் மட்டும். முறை மாறும் நேரத்துக்கு விசில். நிறுத்த ஒரு நீளம், தொடங்க இரண்டு குட்டை. பையன் வேலை கிடைத்த பெருமையில் சட்டைக்கு இரண்டு பை வைத்துத் தைத்துக்கொண்டான், தையல்காரரிடம்தான். அளவெடுக்கும்போது வயிற்றை எக்கினானாம்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அளந்தாள், பத்து மீட்டர் பத்து. அதற்கடுத்த மாதம் மழை வந்தது. இந்த முறை நல்ல குணமுள்ள மழை. இரண்டு வாரம், தினமும் கொஞ்சம், உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிற மழை. அந்த வெள்ளிக்கிழமை ஒன்பது மீட்டர் விட்டாள். ஐம்பது சென்டிமீட்டர் நனைந்து வந்தது. எட்டரை.

"எட்டரை" என்றாள் சத்தமாக.

"ஆறு இருபதைவிடக் கம்மிதான் மார்க்கு" என்றாள் தோட்டக்காரி. ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "ஆனா இது நம்ம கெணறே வாங்கினது."

துண்டு துவைத்திருக்கவில்லை, கிணற்றடி பெருக்கியிருக்கவில்லை, நாற்காலியில் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. டேப்பக்கா அந்தக் கோழியை விரட்டவில்லை. கைப்பிடிச் சுவரிலேயே உட்கார்ந்து நோட்டில் எண்ணை எழுதினாள். குறிப்புப் பத்தியில் ஏதாவது எழுதலாமா என்று நிமிர்ந்து பார்த்தாள். கிணற்றை ஒட்டிய மரத்தில் இலைகள் விரிந்து கிடந்தன. கிளை நுனியில் வெள்ளையாக, விரல் நகம் அளவுக்கு, பூ. அடுத்த மரத்திலும். அதற்கு அடுத்ததிலும். 'பூத்திருக்கிறது' என்று எழுதிவிட்டு நோட்டை மூடினாள்.

அன்று அவள் வீட்டுக்கு ஒரு பை எலுமிச்சை வந்தது. பழைய காய்ப்பிலிருந்து பறித்தது, தோல் தடித்தது, சாறு குறைவு. "பூவுக்கு முன்னாடி வந்த பழம், இப்போதைக்கு இதை வச்சு சமாளிங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தாள் தோட்டக்காரி. தையல்காரர் ஐந்து பழம் பிழிந்து இரண்டு டம்ளர் செய்தார். ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை இறுக்கி மூடினார்.

"புளிக்குதா?" என்றாள்.

"இல்லையே" என்றார், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு. அவள் அவருடைய மச்சானைப் பற்றிப் பேச்செடுத்தாள். அவர் மூச்சை விட்டார், முகம் கோணியது, இருவரும் சிரித்துவிட்டார்கள்.

கதை முடிந்தது, என் தங்கங்களே. கால் மரத்துப்போனவர்கள் உதறிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பக்கம் பெய்கிற மழை நின்று, உட்கார்ந்து, உங்களோடு பேசிவிட்டுப் போகட்டும். உங்கள் கிணற்றிலும் குழாயிலும் ஊறி வந்த தண்ணீர் நிறைந்திருக்கட்டும். உள்ளதை உள்ளபடி காட்டவும், காட்டியதைப் பார்த்து உச்சு கொட்டாமல் பக்கத்தில் வந்து உட்காரவும் உங்கள் வீட்டில் ஒருவருக்கு ஒருவர் எப்போதும் இருங்கள். நல்லா இருங்கள், எல்லோரும் நல்லா இருங்கள்.